தேன் குப்பியைத் திறக்கும்போது

சகோதரிகளே! திருமறையின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரால் அமைந்தது. அத்தகு சிறப்புடைய தேனை அடுக்களையில் எவ்வாறு பேணுகிறோம்?

தேன் எளிதில் கெடுவதில்லை. நீர் சேர்ந்தால் புளித்துவிடும். காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். ஆகவே, இறுக மூடிய கண்ணாடிக் குப்பியில் வைத்து, உலர்ந்த கரண்டியாலேயே எடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் விரைவில் உறையும். உறைந்த தேன் கெட்டதன்று. குப்பியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும்.

ஒன்றை மறவாதீர்கள். ஓராண்டு நிறையாத குழந்தையின் நாவில் ஒரு துளித் தேனும் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்து, பச்சிளங் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். தசைகளைத் தளர்த்தி மூச்சையே முடக்கிவிடும். காய்ச்சினாலும் அவ்வித்து அழிவதில்லை. சேனை தொட வரும் பெரியோரிடம் இதனைப் பணிவுடன் எடுத்துரையுங்கள்.