பொலிஸுக்குப் பயமா, புகைக்குப் பயமா?

புகைச் சான்றிதழ் காலாவதியானால் எந்தச் சந்தியில் பொலிஸார் மறிப்பார்கள், எந்த ஒழுங்கையால் தப்பலாம் என்பது எங்கள் கொம்பனித்தெரு ஓட்டோக்காரர்களுக்கு மனப்பாடம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. அன்றாடம் உழைத்து அன்றாடம் சமைக்கும் வீட்டில் ஒரு தண்டப்பணம் என்றால் பிள்ளையின் டியூஷன் காசு போய்விடும்.

ஆனாலும் நாம் பயப்பட வேண்டியதை விட்டு வேறொன்றுக்குப் பயப்படுகிறோம் என்றே நினைக்கிறேன்.

இலங்கையில் வாகனப் புகைப் பரிசோதனை 2008இல் தொடங்கியது. டீசல் வாகனத்தில் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். பெற்றோல் வாகனத்தில் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபன்களையும் அளப்பார்கள். இந்தச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாவிட்டால் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. ஆகவே எல்லோரும் தாளைத்தான் தேடி ஓடுகிறார்கள். பரிசோதனைக்காக மட்டும் எஞ்சினைச் சரிசெய்து, சித்தியடைந்ததும் பழையபடி விட்டுவிடுபவர்களும் உண்டு. (பரீட்சைக்கு முதல்நாள் மட்டும் படிக்கும் நம்மில் சிலரைப் போல!)

காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் அது ஈமோகுளோபினோடு பிணைகிறது என்று உயிரியல் பாடத்தில் படிக்கிறோம். மலே வீதி நெரிசலில் திறந்த ஓட்டோவுக்குள் அதை முதலில் சுவாசிப்பவர் அதை ஓட்டும் வாப்பாதான். பின்னால் இருப்பது நாம்.

தண்டப்பணம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. காலாவதியாக ஒரு மாதம் இருக்கும்போதே உரிமையாளரின் தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரட்டும். எஞ்சின் திருத்தத் தவணைமுறையில் சிறு கடன் கிடைக்கட்டும். வீதியில் மறிக்கும் அதிகாரியும் தாளோடு நிறுத்தாமல் புகைக்குழாயையும் ஒருமுறை பார்க்கட்டும்.