கண்ணுக்குள் ஒரு போட்டோ

கண்ணைப் பற்றி நாம் படும் கவலையெல்லாம் பெரும்பாலும் அதன் வெளிப்புறத்தைப் பற்றியதுதான். மை கரையாமல் இருக்க வேண்டும். கீழே கருவளையம் விழக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொண்டால் முகத்துக்கு எடுப்பாக இருக்குமா, இருக்காதா? உள்ளே என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டால், "புரை வந்தால் ஆபரேஷன் செய்துவிட்டால் போகிறது" என்று ஒரே வாக்கியத்தில் முடித்து விடுகிறோம். புரையைத் தவிரக் கண்ணுக்கு வேறு வியாதியே கிடையாது என்று நம்புகிற பெரியவர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். இந்த வாரம் எழுதுவது அவர்களுக்காக. அதாவது, அவர்களைக் கவனித்துக்கொள்ளும் உங்களுக்காக.

மீஞ்சூருக்குப் பக்கத்தில் வள்ளூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அனல் மின்சார நிலையத்தின் நெடிய புகைபோக்கிகள் வெகு தூரத்துக்குத் தெரியும். அந்த ஊரில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மருமகளுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாமியாருக்கு வயது 58; சர்க்கரை வியாதி வந்து பத்து வருஷமாகிறது. ஒரு நாள் மத்தியானம் வாசலில் உட்கார்ந்திருந்த மாமியார் கேட்கிறாள்:

"ஏம்மா, அந்தப் புகைபோக்கி என்ன, நடுவிலே வளைஞ்ச மாதிரி இருக்குது?"

"வெயில்லே அப்படித்தான் தெரியும், அத்தை. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்குங்க!"

மருமகளுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவள் மேல் குற்றமில்லை. அத்தையின் கண்ணில் வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. போதாததற்கு, ஒரு கண்ணில் ஏற்பட்ட குறையை மறு கண் சத்தமில்லாமல் ஈடு செய்துவிடுகிறது. ஓரகத்தியின் குறையை வெளியே சொல்லாமல் தானே சேர்த்து வேலை செய்துவிடும் நல்ல ஓரகத்தியைப் போல! (அப்படிப்பட்ட ஓரகத்திகள் உண்டா என்று கேட்காதீர்கள். கண் விஷயத்தில் உண்டு.) ஆனால் நேரான கோடு வளைந்து தெரிவது வெயிலினால் அல்ல. கண்ணின் பின்புறத்தில், மிக முக்கியமான ஓரிடத்தில், ஏதோ வீங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

அந்த இடத்துக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'மாகுலா'. கண்ணின் உட்சுவரில் விழித்திரை என்று மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கிறதல்லவா? அதன் மையத்தில் சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் அகலமுள்ள பகுதி இது. லத்தீன் பாஷையில் 'மஞ்சள் புள்ளி' என்பதுதான் முழுப் பெயர். நாம் மஞ்சள் பொட்டு என்றே சொல்லிவிடலாம். பொட்டு நடுவில்தானே இருக்கும்? ஊசியில் நூல் கோப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, பஸ் நம்பர் படிப்பது, எதிரே வருகிறவரின் முகத்தை அறிவது, எல்லாம் இந்தப் பொட்டின் வேலை. இது கெட்டால் மனிதர் முழுக் குருடாவதில்லை. சுவரில் முட்டிக்கொள்ளாமல் வீட்டில் நடமாடுவார். ஆனால் வந்திருப்பது பெண்ணா, பேத்தியா என்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். அதனால்தான், "பாட்டிக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது, நடக்கிறாளே!" என்று வீட்டிலுள்ளவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

பொட்டைக் கெடுப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று சர்க்கரை வியாதி. விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து நீர் கோத்துக்கொள்கிறது. மற்றொன்று முதுமை. அதிலும் 'உலர்ந்த' வகை மெதுவாகத் தேயும். 'ஈர' வகையில் வேண்டாத புதுக் குழாய்கள் முளைத்துக் கசியும். கசிவு பல நாள் அப்படியே நின்றுவிட்டால் அங்குள்ள பார்வைச் செல்கள் செத்துப் போகும். செத்தவை பிழைப்பதில்லை. ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் சாமர்த்தியம் எல்லாம் இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? உயிருள்ள கண்ணுக்குள்ளே எட்டிப் பார்க்கும் கருவியை ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் அமைத்தார். அதன் பிறகு கண்ணின் உட்சுவரைப் போட்டோ பிடிக்கும் காமிராக்கள் வந்தன. 1961-ல் நோவோட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு அமெரிக்க வைத்திய மாணவர்கள், கையிலுள்ள ரத்தக் குழாயில் ஒரு மஞ்சள் சாயத்தை ஏற்றி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதைப் படம் பிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றும் சில சமயங்களில் அது தேவைப்படுகிறது. சிலருக்குக் குமட்டும், தோலும் சிறுநீரும் ஒரு நாள் மஞ்சளாக இருக்கும். மாதா மாதம் செய்துகொள்ளக் கூடிய காரியம் அல்ல.

சாதாரணப் போட்டோவில் ஒரு குறை உண்டு. மேலேயிருந்து எடுத்த இட்லியின் போட்டோவைப் பார்த்து, இட்லி உப்பியிருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா என்று சொல்ல முடியுமா? குறுக்கே வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். கண்ணை வெட்ட முடியாது. கத்தியில்லாமல் வெட்டிக் காட்டும் வித்தையை அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஃபுஜிமோட்டோ, ஹுவாங், ஸ்வான்ஸன் முதலியோர் 1991-ல் வெளியிட்டார்கள். அதுதான் 'ஓ.ஸி.டி.' ஸ்கான். 1996-ல் யந்திரம் விற்பனைக்கு வந்தது. அந்த மூவருக்கும் 2023-ல் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கான் உங்களுக்குத் தெரியும். அதில் சத்தத்தின் எதிரொலி. இதில் வெளிச்சத்தின் எதிரொலி. ஆனால் வெளிச்சம் போகிற வேகத்துக்கு, அது திரும்பி வரும் நேரத்தை அளக்கச் சாதாரணக் கடிகாரம் எதுவும் போதாது. ஆகவே ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றதை ஒரு நிலைக்கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பி வருகிற இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இரண்டும் சேரும் விதத்திலிருந்து, எவ்வளவு ஆழத்திலிருந்து ஒளி திரும்பியது என்று கணக்குப் போட்டு விடுகிறது யந்திரம். இப்போதைய யந்திரங்கள் ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்கு கனத்தைக்கூடப் பிரித்துக் காட்டும். நம் தலைமயிரின் பருமனே அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல்!

பரிசோதனை என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் ஊசி கிடையாது, சாயம் கிடையாது, எக்ஸ்ரே கிடையாது. எதுவும் கண்ணைத் தொடுவதுகூட இல்லை. முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி, உள்ளே தெரியும் சிறு வெளிச்சப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சில விநாடிகளில் ஆகிவிடும். மூக்குத்தி, தோடு எதையும் கழற்ற வேண்டாம்.

படம் திரையில் வந்ததும் டாக்டரைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்; ரொம்ப அழகான படம். விழித்திரையின் அடுக்குகள் ஜமக்காளத்துக் கோடுகளைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். நல்ல கண்ணில் நடு மையத்தில் கன்னக்குழி மாதிரி ஒரு சிறு பள்ளம் இருக்கும். அந்த மையப் பகுதியில் கனம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர், அதாவது 250 மைக்ரானுக்குச் சற்று முன்பின். நீர் கோத்த கண்ணிலோ குழி இருக்க வேண்டிய இடத்தில் மேடு. மேட்டுக்குள் கறுப்புக் கறுப்பாகப் பொந்துகள். அந்தக் கறுப்புத்தான் நீர். வள்ளூர் அத்தையின் புகைபோக்கியை வளைத்ததும் அதுவே.

அவளுக்கு 430 மைக்ரான் என்று படம் சொல்லியது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குள் மருந்து ஊசி போடுகிறார்கள். மரத்துப் போகச் சொட்டு மருந்து விட்டுத்தான் போடுவார்கள். கேட்கும்போது இருக்கிற பயம் போட்டுக்கொள்ளும்போது இருப்பதில்லை என்பார்கள். (இந்த மருந்துகளில் ஒன்றான ராணிபிஜுமாபை நம் நாட்டிலேயே தயாரித்து விற்க 2015-ல் அனுமதி கிடைத்தது.) ஆரம்பத்தில் மாதம் ஒன்று, பிறகு படத்தைப் பார்த்துத் தீர்மானம். மூன்று ஊசியில் 300-க்கு இறங்குகிறது. புகைபோக்கி நிமிர்ந்து விட்டது. அத்தைக்குச் சந்தோஷம். "இனிமே எதுக்கும்மா? நல்லாத்தானே தெரியுது. உனக்கு வேற ஒரு நாள் சம்பளம் போகுது!" என்கிறாள்.

சகோதரிகளே, இந்த இடத்தில்தான் கண் போகிறது. ஊசியின் பலம் தீர்ந்ததும் நீர் மறுபடி கோக்கலாம். பார்வை மங்குவதற்கு முன்பே படத்தில் அது தெரிந்துவிடும். "நன்றாகத்தான் தெரிகிறது" என்று சொல்ல அத்தைக்கு அதிகாரம் இல்லை, படத்துக்குத்தான் உண்டு. போன தடவைப் படத்தையும் இந்தத் தடவைப் படத்தையும் யந்திரமே பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனை மைக்ரான் கூடியது, குறைந்தது என்று சொல்லிவிடும். சில சமயம், "இந்த மாதம் ஊசி வேண்டாம்" என்று சொல்வதும் அந்தப் படமேதான். ஒரு நாள் சம்பளம் பெரிய விஷயம் என்பதை நான் மறுக்கவில்லை. பாட்டிக்குப் பார்வை போனால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரப் போகிறவள் யார்? பெரும்பாலும் அந்த மருமகள்தான்.

இது அபூர்வமான கதை அல்ல. 1978-ல் தொடங்கிய சென்னை சங்கர நேத்ராலயா, நகரத்தில் சர்க்கரை வியாதிக்காரர்களின் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்து 2009-ல் வெளியிட்ட கணக்கில், நூற்றுக்கு 18 பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. காஞ்சிபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களின் கிராமங்களில் இதே போல் ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டதில் நூற்றுக்குப் பத்துப் பேர். இவர்கள் எல்லாருக்கும் மஞ்சள் பொட்டு வரை கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை; ஆனால் கெடக் கூடிய வரிசையில் நிற்கிறவர்கள். கிராமத்தில் எண்ணிக்கை குறைவு என்று திருப்திப்பட வேண்டாம். சோறும் உடல் உழைப்பும் மாறி, வயல் இருந்த இடத்தில் ஷிப்ட் வேலை வந்திருக்கிற பிரதேசம் இது. திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்து நோய் தீர வேண்டிக்கொள்கிறார்கள். நல்ல வழக்கம்தான், வெல்லம் குளத்தோடு நிற்கிற வரையில்!

சர்க்கரை வியாதி என்று தெரிந்த வருஷமே கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு வருஷம் ஒரு முறை. ஏற்கெனவே சர்க்கரை வியாதி உள்ள பெண்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதும், கர்ப்பமான முதல் மாதங்களிலும் காட்டிக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் விழித்திரைக் கோளாறு வேகமெடுப்பதுண்டு. மூட்டு வாதத்துக்காக ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிற சகோதரிகள் ஒன்று கவனிக்கவும். நீண்ட காலம் சாப்பிட்டால் சிலருக்கு அது மஞ்சள் பொட்டைத் தொடும். முதல் வருஷத்துக்குள் ஒரு படம், ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் ஒன்று என்பது முறை. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; கேட்க வேண்டியவர் உங்கள் டாக்டர். புரை ஆபரேஷனுக்கு முன்பும் ஓ.ஸி.டி. எடுத்துக்கொள்வது நல்லது. "ஆபரேஷன் செய்தும் தெரியவில்லையே!" என்று பின்னால் நொந்துகொள்கிறவர்களில் சிலருக்குக் கோளாறு முதலிலிருந்தே பொட்டில்தான் இருந்திருக்கும்.

வீட்டில் நீங்களே செய்யக் கூடியது ஒன்று உண்டு. பெரியவர்களை, படிக்கும் கண்ணாடியுடன், ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். எதிரே கட்டம் போட்ட தாளோ, சமையலறைச் சுவரில் பதித்த டைல்ஸோ இருக்கட்டும். நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி, கோடுகள் நேராக இருக்கின்றனவா, எங்காவது நெளிகிறதா, கறுப்பாக அழிந்திருக்கிறதா என்று சொல்லட்டும். பிறகு மறு கண். ஸ்விட்ஸர்லாந்து டாக்டர் ஆம்ஸ்லர் வகுத்த கட்டத்தின் வீட்டுப் பிரதி இது. கோடு நெளிந்தால் அந்த வாரமே ஆஸ்பத்திரி. நெளியாவிட்டாலும் வருஷப் படம் உண்டு. இந்தச் சோதனை அதற்குப் பதில் ஆகாது.

எடுத்த படங்களையெல்லாம் ஒரே உறையில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். ஆஸ்பத்திரி மாற்றினால் பழைய படங்கள் கூடவே போக வேண்டும். புது டாக்டருக்கு அவை கையில் கிடைத்த பொக்கிஷம். பரிசோதனைக்குப் பெரும்பாலும் கண்மணி விரியச் சொட்டு மருந்து விடுவார்கள். நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். மீஞ்சூர் ரயிலில் அவர்களைத் தனியாக ஏற்றி அனுப்பாமல் யாராவது கூடப் போங்கள். ஒரு குடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.