இல்லறச் சிந்தனை: பரிசோதனை நாளும் கணவன் கடமையும்



சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து மனைவி வீடு திரும்பியதும், "எல்லாம் சுகமாகிவிட்டது" என்று உறவினருக்கு அறிவித்துவிடுகிறோம். ஆனால் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீளும் பெண்ணுக்கு வைத்தியசாலைத் தொடர்பு அத்துடன் முடிவதில்லை. பின்வரும் ஆண்டுகளிலும் பரிசோதனைகள் உண்டு. அந்நாட்களில் கணவன்மார் செய்யக்கூடியவை சிலவற்றை இம்முறை நோக்குவோம்.

முதலில், எந்தப் பரிசோதனை எதற்காக என்பதை அறிந்திருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் நைஸ் எனப்படும் அமைப்பின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 5 ஆண்டுகள்வரை ஆண்டுதோறும் மம்மோகிராம் எடுக்கப்படும். வயது குறைந்தவர்களுக்கு, பொதுத் திட்டத்தில் சேரும் வயது வரும்வரை அது தொடரும். அனஸ்ட்ரசோல், லெட்ரசோல் போன்ற மாத்திரைகள் எலும்பைத் தேயச் செய்யக்கூடியவை; ஆதலால் எலும்பின் அடர்த்தியையும் அளப்பார்கள். ட்ரஸ்டுசுமாப் மருந்து ஏற்றும் காலத்தில் இதயத்தை ஸ்கான் செய்து பார்ப்பார்கள். இவ்விரண்டும் மருந்தின் பக்கவிளைவைக் கவனிப்பதற்கே. நோய் திரும்பிவிட்டது என்று பொருளல்ல. இதை அறிந்த கணவன், கடிதம் வந்ததும் வீட்டில் எழும் கலக்கத்தில் பாதியைத் தணித்துவிடலாம்.

மற்றப் பாதி எளிதில் தணிவதில்லை. பரிசோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே நித்திரை குறையும். சிறு விஷயத்துக்கும் கோபம் வரும். அவ்வேளையில் நம்மவர் வழக்கமாகச் சொல்வது, "ஒன்றும் இராது, சும்மா யோசியாதேயும்" என்பதே. சொல்பவருக்கு அது ஆறுதல். கேட்பவருக்கோ வாயை அடைக்கும் சொல். அதற்குப் பதிலாக, "என்னப்பா, பயமாக இருக்கோ?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருப்பது மேல். மறுமொழி சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கேட்டிருந்தாலே போதும்.

இனி, பரிசோதனை நாள். அன்று வாசனைப் பவுடரும் டியோடரண்டும் பூசாதிருத்தல் நன்று. அவை படத்தில் புள்ளிகளாகத் தோன்றலாம். மேலாடையை மட்டும் கழற்றக்கூடிய உடுப்பு வசதியானது. அக்குளில் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டிருப்பின், எந்தப் பக்கம் என்பதை இரத்தம் எடுக்கும் தாதிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கழுத்து நகைகளைக் கழற்றச் சொல்வார்கள். நோயுற்ற காலத்தில் தாலிக்கொடியைக் கழற்றுவதா என்று மனம் நோகும் சகோதரிகள் நம்மிடையே உண்டு. இதை வைத்தியசாலையில் வைத்துத் தர்க்கிக்காமல், வீட்டிலேயே பேசி முடிவுசெய்தல் வேண்டும். சுகம் வேண்டிச் சிறிது நேரம் கழற்றுவதில் குறையேதுமில்லை. கணவன் அதைத் தம் கையிலேயே வாங்கி வைத்திருந்து, வெளியே வந்ததும் தாமே அணிவிக்கலாம்.

மொழிபெயர்ப்பு விஷயத்திலும் கவனம் தேவை. மனைவிக்கு ஆங்கிலம் போதாதென்று கணவனோ மகனோ பேசும்போது, அவர் சொல்ல வெட்கப்படும் விஷயங்கள் சொல்லப்படாமலே போகின்றன. தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம்; முன்கூட்டியே அறிவித்தால் போதும். அப்போது கணவனின் வேலை, பக்கத்தில் இருந்து வைத்தியர் சொல்வதைக் குறித்துக்கொள்வது. புறப்படுமுன், "முடிவு எப்போது வரும், கடிதத்திலா தொலைபேசியிலா?" என்று தவறாமல் கேட்க வேண்டும். நாள் தெரியாத காத்திருப்பே பெரிய வேதனை. மேலும் படம் எடுக்க மீண்டும் அழைத்தாலும் உடனே இடிந்துபோக வேண்டாம். பழைய தழும்பே படத்தைத் தெளிவற்றதாக்குவதுண்டு.

ஆண்டுப் பரிசோதனை நன்றாக வந்தாலும், இடையில் புதிய கட்டியோ, விடாத எலும்பு வலியோ, மூச்சுத் திணறலோ கண்டால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் மார்பகச் சிகிச்சைத் தாதியை அழைக்க வேண்டும். அவருடைய இலக்கம் கணவனிடமும் இருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. பரிசோதனை நாளை யாருக்குச் சொல்வது என்பது மனைவியின் உரிமை. அவர் விரும்பாதபோது, கோயில் மண்டபத்தில் அதைப் பேச்சுக்கு எடுக்கலாகாது. நலம் விசாரிக்கும் அன்பர்களும் நோயைத் துருவிக் கேளாமல், "வாகனம் தேவையா? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவா?" என்று கேட்பார்களாயின் அதுவே பேருதவியாகும்.

எல்லோரும் நோயற்ற வாழ்வு பெற எல்லாம்வல்ல இறைவனை இறைஞ்சுவோமாக.