சென்சாரை மாற்றினீர்கள், சரி. அளந்தீர்களா?

நான் படித்தது பி.காம். பார்ப்பது வங்கியில் கடன் பிரிவு. பொக்லைன் இன்ஜினின் வேக சென்சார் பற்றிப் பேச உனக்கென்னய்யா தகுதி என்று கேட்பீர்கள். அந்தப் பொக்லைன் எங்கள் கிளைக் கடனில் வாங்கியது. அது ஓடினால்தான் தவணை வரும். இந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

இங்கே நாக்பூர் பக்கம் ஒரே ஒரு வண்டியை வைத்துப் பிழைக்கிறவர்கள் நிறைய. மணிக்கணக்கில் வாடகை. வண்டி நின்றால் வாடகை நின்றுவிடும். ஆபரேட்டர் சம்பளமும் வட்டியும் நிற்காது. தவணை தவறினால் எஸ்.எம்.ஏ. 0, 30 நாள் தாண்டினால் 1, 60 தாண்டினால் 2, 90 தாண்டினால் வாராக்கடன். கம்ப்யூட்டரே மாற்றிவிடும். சென்சார் கெட்டுப்போச்சு என்று அதனிடம் சொல்ல முடியாது.

போன வருடம் அப்படி ஒருவர் மூன்று பில்லோடு என் மேஜைக்கு வந்தார். வண்டி ஒரு மணி நேரம் நன்றாக வேலை செய்யும், சூடேறியதும் பொட்டென்று நின்றுவிடும், ஆறினால் மறுபடி கிளம்பும். மெக்கானிக் லேப்டாப்பைச் செருகினார், இன்ஜின் வேகம் என்று கோட் வந்தது, சென்சாரை மாற்றினார். நான்கு நாளில் அதே கோட். மறுபடி சென்சார். மூன்றாவது முறையும் சென்சார்! பில்லில் ஒவ்வொரு முறையும் சாமான், கூலி, வந்துபோன செலவு. கணக்கு எஸ்.எம்.ஏ. 1-க்குப் போய்விட்டது.

கடைசியில் கண்டுபிடித்தவர் ஊரிலிருக்கும் ஒரு வயதான எலக்ட்ரீஷியன். ஒயர் கட்டைப் பிடித்துக்கொண்டே போனார். இன்ஜினுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தகடில் உரசி உரசி ஒயரின் தோல் போயிருந்தது. சூட்டிலும் அதிர்விலும் செம்பு தகடைத் தொடும், சிக்னல் போய்விடும். புதுத் துண்டு ஒயர், மேலே ஒரு குழாய் உறை, ஒரு கிளிப். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டாராம்.

இதில் எனக்குக் கோபம் வருவது இடம் தெரியாமல் போனதற்கு அல்ல. தேடவே இல்லையே, அதற்குத்தான்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். டிரையல் பேலன்ஸ் இடிக்கிறது என்றால் எங்கேயோ பிழை இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். எந்த என்ட்ரி என்று அது சொல்லாது. கோடும் அப்படியே. கனரக டீசல் இன்ஜின்கள் பலவற்றில் எஸ்.பி.என். 190 என்றால் இன்ஜின் வேகம். கூடவே வரும் எஃப்.எம்.ஐ. எண்தான் துப்பு: 2 என்றால் தகவல் தாறுமாறு, 3 மின்னழுத்தம் அளவுக்கு மேல், 4 அளவுக்குக் கீழ், 5 கரண்ட் குறைவு அல்லது சர்க்யூட் அறுந்தது, 8 துடிப்பின் அளவு சரியில்லை. எதிலுமே 'சென்சாரை மாற்று' என்று இல்லை. சென்சார், ஒயர், கனெக்டர், பல்சக்கரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்த பாதையில் எங்கோ கோளாறு என்கிறது, அவ்வளவுதான்.

சாமானும் பெரிய மாயமில்லை. இரண்டு ஒயர் ரகம் என்றால் உள்ளே ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள். ஃப்ளைவீலின் பல் ஒவ்வொன்றும் முன்னால் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு. 120 பல், நிமிடத்துக்கு 1,800 சுற்று என்றால் விநாடிக்கு 3,600 துடிப்பு. கம்ப்யூட்டர் அதை எண்ணுகிறது. பல்லுக்கும் சென்சார் முனைக்கும் இடைவெளி கூடினால் துடிப்பு பலவீனம். முனையில் இரும்புத்தூள் ஒட்டினாலும் அதே கதி. பேட்டரி இறங்கி இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் துடிப்பு போதாது. அங்கே குற்றவாளி பேட்டரி.

மரை போட்டுத் திருகும் வகையில் ஒரு பல்லை ஓட்டைக்கு நேராக நிறுத்தி, முனை பல்லைத் தொடும்வரை கையால் திருகி, பிறகு மேனுவல் சொல்லும் அளவு, அரைச் சுற்றோ முக்காலோ, பின்வாங்க வேண்டும். பல்லுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் விட்டுத் திருகினால் முதல் சுற்றிலேயே முனை நசுங்கும். மூன்று சென்சாரில் ஒன்று அப்படித்தான் போனதோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

சோதிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கனெக்டரைக் கழற்றி பச்சை பிடித்திருக்கிறதா, எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுருளின் ஓம்ஸ் அளந்து மேனுவலோடு ஒப்பிட வேண்டும். அதையே கம்ப்யூட்டர் முனையிலிருந்தும் அளந்து, பாடியோடு தொடர்பு இருக்கிறதா பார்த்து, அளக்கும்போதே ஒயர் கட்டை அங்கங்கே ஆட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் வண்டி சூடாக இருக்கும்போது. மூன்று ஒயர் ஹால் ரகமென்றால் ஓம்ஸ் பயன்படாது. சாவியைப் போட்டு சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் பார்க்க வேண்டும். அரை மணி வேலை.

இதைவிடப் பெரிய கொள்ளையும் நடக்கிறது. பல பொக்லைன்களில் ஹைட்ராலிக் பம்ப்பின் கன்ட்ரோலரும் இன்ஜின் வேகத்தைப் பார்த்துத்தான் பம்ப் எடுக்கும் பளுவைக் கூட்டிக் குறைக்கிறது. வேக சிக்னல் பொய் சொன்னால் இன்ஜின் திணறுகிறது என்று நினைத்து பளுவைக் குறைத்துவிடும். கை மெதுவாகத் தூக்கும். உடனே 'பம்ப் போச்சு' என்பார்கள். பம்ப் பில்லுக்கு டாப்-அப் கடன் கேட்டு என்னிடமே வருவார்கள்.

சர்வீஸ் ஆட்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. வண்டி நிற்கும் நஷ்டத்தைவிட சென்சார் மலிவு, மாற்றிப் பார்ப்பதே சீக்கிரமான சோதனை. ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு: மாற்றியும் கோட் போகாவிட்டால் பழையதை மாட்டிக்கொடுத்து காசைத் திருப்ப வேண்டும். மின்சாமான் ரிட்டர்ன் இல்லையாம்! சோதனை அவர்களுடையது, செலவு மட்டும் வண்டிக்காரருடையது.

2022-ல் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டு, அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறை சொன்னார்கள். கட்டுமான எந்திரத்துக்கென்று தனித் தலைப்பு இல்லை. வயரிங் படம் கேட்டால் கிடைக்காத சாமான்களில் இதுதான் முதலில் இருக்க வேண்டியது.

அதுவரை நான் என் மேஜையில் ஒரு விதி வைத்திருக்கிறேன். ரிப்பேர் பில்லைக் காட்டித் தவணைக்கு அவகாசம் கேட்டால், ஜாப் கார்டில் அளந்த எண் எங்கே என்று கேட்பேன். போன வாரம் ஒருவர் வந்தார், அதே கோட், இரண்டாவது சென்சார். ஓம்ஸ் எவ்வளவு வந்ததாம் என்றேன். அவர் என் எதிரிலேயே மெக்கானிக்குக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மீட்டர்ல பேட்டரி இல்ல சேட். நாளைக்குப் பாத்துச் சொல்றேன்."