ஊருக்கு வருவோரின் அதிர்ச்சி

ஆண்டுதோறும் ஆடி பிறந்ததும் பண்ணைப் பாலத்தைக் கடந்து வாடகை வாகனங்கள் தீவுப்பக்கம் விரைகின்றன. பாரிசிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் நம்மவர் ஊர் பார்க்க வருகின்றனர். அல்லைப்பிட்டியில் இரண்டு நாள் நின்றதும் அவர்களுட் பலர், "இது நாங்கள் விட்டுப்போன ஊரல்ல" என்று புலம்பத் தொடங்குகின்றனர். அந்நிய மண்ணில் முதன்முதற் காலடி வைத்தபோது அடைந்த அதிர்ச்சியிலும் பெரிய அதிர்ச்சியாம். இதற்குப் பண்பாட்டு அதிர்ச்சி என்று பெயருஞ் சூட்டியாயிற்று. அவர்களை அதிர வைத்தது எது என்பதை நாம் சற்று ஆராய்வோம்.

ஊரில் மரியாதை இல்லாமற் போயிற்று என்பது முதலாவது முறைப்பாடு. யார் யாருக்குக் காட்டிய மரியாதை? முற்றத்தில் நின்று பேசியவரின் மகன் இன்று விறாந்தைக் கதிரையில் அமர்ந்து பேசுகின்றான். 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் பொலிசாரின் அடியைத் தாங்கியது இதற்காகவே. இம்மாற்றம் போதாது என்பதே எமது கட்சி. முப்பது ஆண்டுகள் பிரெஞ்சுக் குடியரசின் சமத்துவத்தில் நிழல் தேடியவர் ஊருக்கு வந்ததும் பழைய கும்பிட்டைத் தேடுவாராயின், அதிர வேண்டியவர்கள் நாம்.

கிடுகு வேலி போயிற்று, கிணறு உவர்த்துப் போயிற்று என்பது அடுத்த குறை. இது மெய். தீவின் நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் உண்டு. மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடிக்கு உவர் ஏறிவிடும். மழைநீரை உறிஞ்சிக் காத்துத் தருவன அல்லைப்பிட்டி, மண்கும்பான் மணற்றிட்டிகள். அவற்றைத் தோண்டி உழவுயந்திரங்களில் ஏற்றிச் செல்கின்றனர். அம்மணலில் எழும் கட்டடங்கள் எவை? ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் மாடிவீடுகளும், வளவைச் சுற்றிய மதில்களும் அவற்றுள் அடங்கும். கிடுகு வேலியை நினைந்துருகுபவரின் காசுதான் அம்மதிலை எழுப்பியது!

ஊர் வெறிச்சோடிக் கிடப்பதாகவும் வருந்துகின்றனர். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியைக் கைப்பற்றியபோது அல்லைப்பிட்டியிலும் மண்டைதீவிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் காணாமற்போயினர். 2006 மே 13இல் அல்லைப்பிட்டியிலும் அயற்கிராமங்களிலுமாகப் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சின்னஞ்சிறு குழந்தைகளும் தப்பவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்தன. ஒரு வாரத்துள், ஆகஸ்ட் 20இல், பங்குத்தந்தை ஜிம் பிறவுண் உதவியாளர் ஒருவருடன் காணாமற்போனார். அவர்கள் திரும்பவில்லை. ஆகவே, ஓடியவரை நாம் பழிக்கவில்லை. உயிர் பிழைக்க ஓடுவது குற்றமாகாது.

நாம் குற்றஞ் சாட்டுவது வேறொன்றை. பாரிசின் உணவகச் சமையலறையில் நள்ளிரவுவரை தட்டுக் கழுவுபவரும், விடியுமுன் அலுவலகங்களின் தரை துடைப்பவரும், இந்தப் பயணச்சீட்டையே கடனில் வாங்கியவரும் ஊருக்கு வந்தவுடன் செல்வந்தராகி விடுகின்றனர். கழுத்திற் சங்கிலி, வாசலில் வாகனம், மண்டபத்தில் மகளின் சாமத்தியச் சடங்கு. தம் உழைப்பைப்பற்றி ஒரு சொல் சொல்லார். மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்து மீண்ட அந்தக்கால மலாயன் பென்சன்காரர்களும் ஊரைக் குறைகூறியோரே; எனினும் அவர்கள் பார்த்த உத்தியோகத்தை ஊர் அறிந்திருந்தது.

அல்லைப்பிட்டியிற் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்த 'தீபன்' என்னும் பிரெஞ்சுத் திரைப்படம் 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. பாரிசுப் புறநகரின் குடியிருப்பொன்றிற் பராமரிப்பாளனாக உழலும் ஈழத்தமிழன் ஒருவனின் கதை அது. உலகம் திரையிற் கண்ட அந்த வாழ்வை, விடுமுறைக்கு வருபவர் தம் மருமகனிடங்கூட மறைக்கின்றார். விளைவை வகுப்பறையிற் காண்பவர்கள் நாம். "சேர், படிச்சு என்ன செய்யிறது? மாமா கூப்பிடுவார்" என்கின்றான் பதினோராம் வகுப்பு மாணவன். பிறகு தகப்பனின் காணி ஈட்டுக்குப் போகின்றது; தாயின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகின்றது; பணம் முகவரின் கைக்குப் போகின்றது.

அடுத்த ஆடியில் வருவோரிடம் நாம் கேட்பது இதுதான். கோபுரத்துக்குத் தரும் நன்கொடையைப்பற்றிப் பிறகு பேசலாம். ஒரு பாடவேளை எமது மாணவர்முன் வந்து நில்லுங்கள். மணிக்கு என்ன கூலி, வீட்டு வாடகை என்ன, விசாவுக்கு எத்தனை ஆண்டு காத்திருந்தீர்கள், முகவருக்குப் பட்ட கடனை எத்தனை ஆண்டிற் கட்டி முடித்தீர்கள் என்பவற்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். ஆடியில் எமது பாடசாலைகள் திறந்தே இருக்கின்றன.