நெய்தலில் அழத் தடை

நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல் என்று இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன். சென்ற கோடையில் பாம்பன் தீவில் நடந்த ஒரு குணமளிக்கும் கூட்டத்தில், அந்த இரங்கலே பாவம் என்று ஒருவர் ஒலிபெருக்கியில் முழங்கக் கேட்டேன். என் பழைய மாணவி ஒருத்தி தன் தாயாரை அங்கே அழைத்து வந்திருந்தாள். கடலுக்குப் போன தகப்பனார் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மூன்றாண்டுகளாக உறக்கமின்றித் தவிக்கும் அந்த அம்மாளிடம் போதகர் கேட்டது ஒரே கேள்வி: "யாரை இன்னும் மன்னிக்காமல் வைத்திருக்கிறாய்?" அம்மாள் பதில் சொல்லத் தெரியாமல் நின்றார். மன்னிக்காத நெஞ்சே நோய்க்குக் காரணம் என்று தீர்ப்பாயிற்று. கூட்டம் அல்லேலூயா சொன்னது. வந்தபோது இருந்ததைவிடக் குனிந்த தலையுடன் அம்மாள் வீடு திரும்பினார்.

இதை எழுதுவதால் பகுத்தறிவு நண்பர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். ஜெபம் வெறும் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. 2014 அக்டோபரில் கொழும்பு உயர் நீதிமன்றம் இத்தீவின் மீனவர் ஐவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. நவம்பரில் அவர்கள் மன்னிக்கப்பட்டு ஊர் திரும்பும்வரை அந்த வீட்டுப் பெண்களின் கையில் ஜெபமாலையைத் தவிர வேறென்ன இருந்தது? அதைக் கேலி செய்ய அறிவு தேவையில்லை, கல்நெஞ்சு போதும். என் சண்டை ஜெபத்தோடு அன்று, பிறர் துயரத்துக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்வதையே ஆன்மிக வழிகாட்டுதல் என்று நம்புகிறவர்களோடு.

அவர்கள் கையில் ஏந்தியிருக்கும் நூலே அவர்களுக்கு எதிர்ச்சாட்சி. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. உன் பாவமே காரணம் என்று வாயைத் திறந்தபோதுதான் கெட்டார்கள். கடவுள் கடிந்துகொண்டதும் அவர்களைத்தான். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். எம்மாவு சாலையில் துயரத்தோடு நடந்த இருவரை அவர் முதலில் பேசவிட்டார். விளக்கம் பிறகுதான் வந்தது. சங்கீதங்களில் பெரும்பகுதி புலம்பல். அழுகையை விலக்கிவிட்டு எந்த விவிலியத்தை இவர்கள் படிக்கிறார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட அருளானந்தரின் கதை நமக்குத் தெரியும். நற்செய்தி கேட்டு நோய் நீங்கியதாகச் சொல்லப்படும் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்க வேண்டியிருந்தது. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அவள் முறையீடே கொலைத் தண்டனைவரை போயிற்று. புனிதரின் துணிவை வணங்குகிறேன். ஆனால் ஓரியூர்ச் செம்மண்ணை நெற்றியில் பூசுகிறவர்களில் ஒருவராவது, விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் மனக்காயத்தை ஆற்றியது யார் என்று கேட்டதுண்டா? ஒருவருடைய குணமாதலின் கணக்கில் இன்னொருவருடைய காயம் விடுபட்டுப் போவது நமக்குப் பழைய வழக்கம்.

விடுபட்டவர்கள் என்ன ஆவார்கள் என்பதற்கும் இதே மாவட்டத்தில் சான்று உண்டு. ஏர்வாடியில் தர்காவை அண்டி இயங்கிய தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. இறந்தவர்கள் 28 பேர். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. அது வேறு மதத்தாரின் விவகாரம் என்று கிறிஸ்தவ நண்பர்கள் ஒதுங்க முடியாது. மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும் என்று மேடையில் சொல்கிறவரும் நோயாளியைத் தப்ப வழியில்லாமல் கட்டிப்போடுகிறவர்தான்.

அப்படியானால் வழிகாட்டி என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். அந்த அம்மாளின் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும். கணவரைப் பற்றி அவர் சொல்வதை, சொன்னதையே திரும்பச் சொன்னாலும், கேட்க வேண்டும். ஏழாண்டுகள் செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம்; அதுவரை அவர் மனைவியுமில்லை, கைம்பெண்ணுமில்லை. நிவாரண மனுவோடு இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு அவரோடு நடக்க வேண்டும். உறக்கம் வராவிட்டால் அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போய், வெளியே காத்திருக்கும் நேரத்தில் ஜெபிக்கலாம். இப்படிச் செய்கிற அருட்சகோதரிகளையும் உபதேசியார்களையும் இந்தக் கரையில் நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்குச் சுவரொட்டி இல்லை.

சென்ற மாதம் மாணவி வந்திருந்தாள். அம்மா இப்போது எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை, மாலையில் கரையில் போய் உட்கார்ந்து அழுகிறார், தடுக்கட்டுமா என்று கேட்டாள். தடுக்காதே, கூடப் போய் உட்கார், மருத்துவரிடமும் ஒருமுறை அழைத்துப் போ என்று சொல்லி அனுப்பினேன்.