தவமிருக்கும் பூனை

தம்பி, மாமல்லபுரத்துப் பாறையிலே தவமிருக்கும் பூனையைக் கண்டிருப்பாய், அருகே எலிக்கூட்டம்! அப்பூனையின் குரலில்தான் சிலர், ‘மாணவன் கெட்டான்’ என்று ஓலமிடுகின்றனர்.

கெடுத்தது யார்? 2019-ஆம் ஆண்டு குரூப் 4 தேர்விலே, மறையும் மையால் விடை குறித்தனர் சிலர். விடைத்தாள் சென்னைக்கு வரும் வழியிலேயே திருத்தப்பட்டது. 99 பேருக்கு வாழ்நாள் தடை. தகும்! ஆனால், விலை பேசியவர் யார்? இடைத்தரகரோடு தேர்வாணைய ஊழியரும் கைதாயினரே! வேலைக்கு விலையுண்டு என்று கண்ட பிள்ளை, பள்ளியிலேயே துண்டுச்சீட்டுக்குத் துணிகிறான்.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டிலேயே, கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலைக்குத் தகுதி இழந்தனர். வேதியர் சபைதான் அது. விதி மட்டும் நல்ல விதி. அங்கே கணக்குக் கேட்கப்பட்டவன் பதவி வகித்தவன். நம் ஊர்ப் பூனைகளிடம் கேட்டாயா, தம்பி?